ஏறும் வண்டி எது என்று தெரிய வேண்டும்
(மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பையில் உழைத்துப் பிழைக்கும் நமக்கு வண்டி மாறி ஏறுவது சிறு விஷயமல்ல. மாறி ஏறியவர் வேலைக்குப் பிந்துகிறார். பிந்தியவருக்கு அன்றைய கூலி போகிறது. ஆகவே வண்டிக்கு எழுதும் பெயரும் எண்ணும் நம் வயிற்றைத் தொட்ட பிரச்சினை.

நகரப் பேருந்தைப் பாருங்கள். முகப்பில் ஊர்ப் பெயரும் மராத்தி, எண்ணும் மராத்தி. ஆங்கிலம் பக்கவாட்டில் என்பதே நெடுங்கால வழக்கம். வண்டி அருகே வந்து நின்ற பிறகுதான் பக்கவாட்டைப் படிக்கலாம். அதற்குள் கூட்டம் ஏறிவிடும். மராத்தி எழுத்தில் 1 என்பது நம் கண்ணுக்கு 9 போலத் தெரிகிறது. நேற்று ஊரிலிருந்து வந்தவர் என்ன செய்வார்?

மின்சார ரயிலுக்கு வருவோம். கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிகிறது. தென்கிழக்கே அம்பர்நாத், பத்லாப்பூர் வழியாகக் கர்ஜத். வடகிழக்கே டிட்வாலா வழியாகக் கசாரா. கர்ஜத் வண்டிக்குக் குறி ‘எஸ்’. கசாரா வண்டிக்கு ‘என்’. தெற்கு, வடக்கு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. போதாக்குறைக்கு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ‘ஸ்லோ’ வண்டிக்கும் ‘எஸ்’தான்! அம்பர்நாத் போகிறவர் கசாரா வண்டியில் ஏறினால், கல்யாண் தாண்டிய பிறகே விஷயம் புரியும். அலுவலகத்துக்கு வசதியான குறி, பயணிக்கு வழி காட்டாது.

இதை மாற்ற முடியாதா? முடியும். தாதரில் மேற்கு ரயில்வேக்கு ஓர் ஒன்றாம் பிளாட்பாரம், மத்திய ரயில்வேக்கு வேறோர் ஒன்றாம் பிளாட்பாரம் என்று இருந்தது. எத்தனை பேர் மூட்டையும் குழந்தையுமாகப் பாலத்தில் ஏறி இறங்கியிருப்பார்கள்! 2023 டிசம்பர் 9 முதல் ஒன்று தொடங்கிப் பதினான்கு வரை ஒரே வரிசையாக எண்ணிவிட்டார்கள். புதுத் தண்டவாளம் போடவில்லை; எண்ணைத்தான் மாற்றினார்கள்.

1951-52 பொதுத் தேர்தலில், எழுத்தறியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்று சின்னம் கொடுத்த நாடு இது. வாக்குக் கேட்கும்போது நம்மை நினைப்பவர்கள், வண்டிக்குப் பலகை எழுதும்போதும் நினைக்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். மராத்தி வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. இது மராத்தி மண். அந்த மொழி முதலில் நிற்பதே நியாயம். அதன் எண்களை நாமும் கற்போம். நம் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தருவார்கள். நாம் கேட்பது இரண்டே: எந்தப் பேருந்தானாலும் முகப்பில் மராத்தி எண்ணோடு 1, 2, 3 என்ற எண்ணும் சேர்ந்து இருக்கட்டும், ரயிலில் குறியைவிட ஊர்ப் பெயர் பெரிதாக இருக்கட்டும்.

இக்கோரிக்கை மனுவில் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைப்பவர் முதலில் வரட்டும். இது அவர்களுக்கான மனு.