எளாவூருக்கு அப்பால் போன பணம்

காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும், சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்களின் கூட்டம் எப்படியென்று. அந்த ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம். அப்புறம் ஆந்திரம். நம் பக்கம் வந்திருக்கக்கூடிய தொழில் பணம் அந்த எல்லையைத் தாண்டிப் போன கதை இது.

சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்துக்காக ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆய்வு நடத்தி மூன்று இடங்களைக் காட்டியது: நம் பொன்னேரி, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தில் துமகூரு. 2020 டிசம்பர் 30 அன்று மத்திய அமைச்சரவைக் குழு கிருஷ்ணபட்டினத்தில் 2,139 கோடி ரூபாய், துமகூருவில் 1,701 கோடி ரூபாய்த் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. பொன்னேரி அதில் இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த 12 தொழில் நகரப் பட்டியலிலும் இல்லை. கோவையைத் தாண்டியிருக்கும் பாலக்காடு இருந்தது!

இந்தப் பணம் நகரும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், அதுதான் இதில் ருசியான இடம். மத்திய அரசு மாநிலக் கஜானாவுக்கு நேரே பணம் அனுப்புவதில்லை. தொழில் நகருக்கென்று இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்குகின்றன. மாநிலம் நிலத்தைப் பங்காகப் போடும். மத்திய அரசின் தொழில் வழித்தட அறக்கட்டளை ரொக்கத்தைப் போடும். சாலை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் அந்த ரொக்கத்தில். நம்மூர் கூட்டு வியாபாரம் மாதிரிதான்: ஒருவர் கடையைத் தருவார், மற்றவர் முதல் போடுவார். கடைச்சாவி கைக்கு வராமல் முதல் போடுகிறவர் உண்டா?

பொன்னேரிப் பக்கம் அந்தச் சாவி லேசில் கிடைக்காது. ஒருபுறம் ஆரணியாறு, இன்னொருபுறம் பழவேற்காடு ஏரி, நடுவில் நெல்வயலும் பாசன ஏரிகளும். காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் பக்கத்தில் இருப்பது பெரிய வசதிதான். ஆனால் துறைமுகத்தைக் காட்டி நிலம் வாங்க முடியாதே.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். சிப்காட் வளாகம் வந்தது, மிஷலின் டயர் ஆலை வந்தது. ஆனால் அதற்கு முன், அரசு புறம்போக்கு என்று எழுதி வைத்திருந்த அந்த இடம் ஊர்க்காரர்களுக்கு மாடு மேய்ந்த காடு. பெரும்பாலும் தலித் குடும்பங்கள். அவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அந்தக் காட்டுக்கு ஈடு எந்தப் பங்குக் கணக்கிலும் ஏறவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியத்து நேயர்களே, அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் ஊரில் எந்த சர்வே எண்கள் தொழிலுக்குக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.