நம்ம உடம்புக்கு எது ஒத்துக்கும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஜமுனாமரத்தூரில், சமுதாயப் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சேமிப்பு, கடன், சாமை விலை, புளி விலை எல்லாம் பேசியாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு மாதவிலக்கு நேரத்துல நாம பயன்படுத்துற பொருட்கள். தலைப்பைச் சொன்னதுமே சிலர் முந்தானையால வாயை மூடிச் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. ஒரு பொண்ணு 13 வயசுல வயசுக்கு வந்தா, சுமார் 48 வயசு வரைக்கும் 35 வருஷம். வருஷத்துக்கு 12 தடவை, தடவைக்கு 5 நாள். மொத்தம் 2100 நாள். கிட்டத்தட்ட ஆறு வருஷம்! ஆறு வருஷத்தை அரிப்போடயும் உரசலோடயும், கறை தெரிஞ்சிடுமோங்கிற பயத்தோடயும் ஓட்டணுமா?

"பொம்பளைன்னா பொறுத்துக்கணும்"னு சொல்லித்தான் நம்மை வளர்த்தாங்க. நான் இன்னிக்குச் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. நாம வைக்கிற பொருள் உறுத்தினா, அது நம்ம உடம்போட குத்தம் இல்லை. அந்தப் பொருள் நமக்கு ஒத்துக்கலை, இல்லாட்டி வைக்கிற விதம் சரியில்லை. ரெண்டையும் மாத்திக்கலாம்.

துணி

பாட்டிமார் காலத்திலிருந்து நமக்குத் தெரிஞ்சது பழைய துணி. துணி கெட்டதுன்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. சுத்தமான பருத்தித் துணி உடம்புக்கு மெத்துனு இருக்கும், காத்து போகும். கெடுதல் துணியில இல்லை, அதை ஒளிச்சு வைக்கிறதுலதான். யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு கூரை இடுக்குலயும் கட்டிலுக்கு அடியிலயும் செருகி வைக்கிறோம். மலையில மழைக்காலத்துல அது காயறதே இல்லை. ஈரத்துணியை மறுபடி வச்சா அரிப்பும் புண்ணும் வரத்தான் செய்யும்.

துணி பயன்படுத்துறவங்க முதல்ல பச்சைத் தண்ணியில அலசணும், சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும். அப்புறம் சோப்பு போட்டுத் துவைச்சு, நுரை போக அலசி, நல்ல வெயில்ல காய வைக்கணும். வெட்கமா இருந்தா மேல ஒரு மெல்லிசு துணியைப் போட்டுக்கலாம், ஆனா வெயில் படணும். மழை நாள்ல இஸ்திரி போட்டு ஈரத்தை எடுக்கலாம். நைலான் புடவைத் துணி வேண்டாம், பருத்தி மட்டும்தான்.

இப்போ ஜட்டியில பட்டன் போட்டு மாட்டுற மாதிரி தைச்ச துணி நாப்கினும் வந்திருக்கு. நம்ம பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துல, ஆரோவில்லில் ஈக்கோ ஃபெம் என்ற அமைப்பு இதைத் தயாரிக்குது. துணி மடிச்சு வைக்கிறப்ப நகர்ந்து போற தொல்லை இதுல இல்லை. நம்ம குழுக்கள்லயே தையல் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்கீங்க! இதை யோசிச்சுப் பாருங்க.

நாப்கின்

நாப்கின்னு சொன்னா கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தைச் சொல்லாம முடியாது. 1998-ல் கல்யாணம் ஆன புதுசுல, மனைவி அழுக்குத் துணியை மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பார்த்திருக்கார். நாப்கின் வாங்கினா வீட்டுக்குப் பால் வாங்கக் காசு இருக்காதுன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க. இவர் பஞ்சு வாங்கி, தானே ஒண்ணு செஞ்சு கொடுத்தார். மனைவி அதை வச்சுப் பார்த்துட்டு, இது உதவாது, இதுக்குத் துணியே மேல்னு சொல்லிட்டாங்க.

அந்த அம்மா மனசு நோகக் கூடாதுன்னு "நல்லா இருக்கு"ன்னு சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். சரியில்லைன்னு சொன்னதாலதான் அவர் மேல மேல தேடினார். கால்பந்து பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு, தானே வச்சு நடந்து பார்த்தார். ஊர் அவரைப் பைத்தியம்னு சொல்லிச்சு. கடைசியில கம்பெனி நாப்கின் உள்ள இருக்கிறது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ்லேர்ந்து எடுத்த நார்னு கண்டுபிடிச்சார். சின்ன இயந்திரம் செஞ்சு மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சுது. நாமளும் "ஒத்துக்கலை"ன்னு வாய் திறந்து சொல்லணும். அதுக்காகத்தான் இந்தக் கதை.

நாப்கின் வச்சா தொடை இடுக்குல எரியுது, சிவந்து போகுதுன்னு நிறைய பேர் சொல்றீங்க. சாமை களை எடுக்கிறப்பவும், கடுக்காய் பொறுக்க ஏறி இறங்குறப்பவும் வேர்வையும் உரசலும் சேர்ந்துக்கும். நாப்கினோட மேல் பரப்பும் அடிப்பகுதியும் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதனால காத்து போகாது. வாசனை போட்ட நாப்கின் சிலருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, அதை முதல்ல நிறுத்துங்க. இறக்கை இருக்கிறது உரசினா இறக்கை இல்லாததை வாங்கிப் பாருங்க. ரத்தம் கம்மியா இருந்தாலும் நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்துங்க. வெறும் தண்ணியில கழுவி, ஈரம் ஒத்தி எடுத்து, பருத்தி ஜட்டி போடுங்க. உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம்.

காசு விஷயம். தமிழ்நாடு அரசின் "புது யுகம்" திட்டத்துல 10 முதல் 19 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு, ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின் இலவசம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் உண்டு. அங்கன்வாடியிலயும் கிராம சுகாதார செவிலியர்கிட்டயும் கேளுங்க. அரசு ஆஸ்பத்திரியில பிரசவம் ஆன தாய்மாருக்கும் உண்டு. மக்கள் மருந்தகங்கள்ல "சுவிதா" நாப்கின் 2019-லிருந்து ஒண்ணு ஒரு ரூபாய். முன்னே நாப்கினுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. பெண்கள் போராடின பிறகு 2018 ஜூலையில அதை எடுத்துட்டாங்க. கேட்டதால கிடைச்சது அது.

டாம்பான்

இதைப் பத்தி ஏன் பேசணும்னு பெரியவங்க நினைக்கலாம். நம்ம பொண்ணுங்க இப்போ திருவண்ணாமலை, வேலூர், சென்னைன்னு காலேஜுக்குப் போறாங்க, திருப்பூர்ல வேலை பார்க்கிறாங்க. விடுதியில கூட இருக்கிற பிள்ளைங்க வச்சிருக்கிறதைப் பார்த்துட்டு ரகசியமாக் கேட்கிறாங்க. "அக்கா, ஒரு தடவை வச்சேன், உட்கார முடியலை, எடுக்கிறப்ப உயிர் போச்சு. எனக்கு ஏதாவது கோளாறா?"

டாம்பான்ங்கிறது விரல் அளவுக்குப் பஞ்சை இறுக்கிச் சுருட்டி, அடியில நூல் வச்ச பொருள். பிறப்புறுப்புக்கு உள்ளே வைக்கணும். 1930-கள்ல அமெரிக்காவுல ஏர்ல் ஹாஸ் என்ற டாக்டர் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். சரியா வச்சா உள்ள இருக்கிறதே தெரியாது. தெரியுது, குத்துதுன்னா பெரும்பாலும் பாதியில நிக்குதுன்னு அர்த்தம். வாசல்கிட்டதான் தசை இறுக்கமா இருக்கும், அதைத் தாண்டி உள்ளே போகணும். நேரா மேல் நோக்கித் தள்ளினாலும் இடிக்கும், முதுகுப் பக்கமாச் சாய்ச்சுத் தள்ளணும். பயந்து உடம்பை இறுக்கினாலும் வலிக்கும். குந்தி உட்கார்ந்தோ, ஒரு காலை உயரத்துல வச்சோ, மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு முயற்சி பண்ணணும்.

எடுக்கிறப்ப வலிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் காய்ஞ்சு இருக்கிறதுதான். போக்கு கம்மியா இருக்கிற நாள்ல பெரிய டாம்பான் வச்சா அது உள்ள இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி ஒட்டிக்கும். அதனால இருக்கிறதுலயே சின்ன அளவை வாங்கணும். ரத்தம் வராத நாள்லயும் வெள்ளைப்படுதலுக்கும் வைக்கக் கூடாது.

உள்ளே போய் தொலைஞ்சிடும்னு பயப்பட வேண்டாம். கர்ப்பப்பை வாய் ரொம்பச் சின்னது, அதைத் தாண்டிப் போகாது. ஒண்ணுக்குப் போற வழியும் வேற. ஒவ்வொரு தடவையும் உள்ளே வைக்கவே முடியாத அளவுக்கு வலின்னா, பலவந்தமா முயற்சி பண்ணாதீங்க. சிலருக்குப் பிறவியிலேயே வாசல்ல சவ்வு குறுக்கே இருக்கும், சிலருக்குத் தசை தானா இறுகிக்கும், சிலருக்குக் கிருமித் தொற்று இருக்கும். இதுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. பெண் டாக்டரைப் பாருங்க. அந்த வலியை வச்சு ஒரு பொண்ணோட ஒழுக்கத்தை யாரும் அளக்க வேண்டாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காதீங்க. நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள டாம்பானை மாத்தியாகணும். எட்டைத் தாண்டவே கூடாது. 1980-ல் அமெரிக்காவுல, அதிகமா உறிஞ்சுற ஒரு வகை டாம்பான் வச்ச பெண்கள் பலர் கிருமி விஷத்தால கடுமையா நோய்வாய்ப்பட்டாங்க, சிலர் இறந்தே போனாங்க. அந்தக் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துட்டுது. இந்த நோய் அபூர்வம்தான். ஆனா திடீர்னு கடும் காய்ச்சல், வாந்தி, பேதி, மயக்கம், வெயில்ல வெந்த மாதிரி தோல் சிவப்பு வந்தா, உடனே அதை எடுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். "டாம்பான் வச்சிருந்தேன்"னு டாக்டர்கிட்ட வெட்கப்படாமச் சொல்லணும்.

கப்

இன்னொண்ணு சிலிக்கான் கப். உறிஞ்சாது, ரத்தத்தைப் பிடிச்சு வைக்கும். கேரளாவுல எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி ஊராட்சியில பெண்களுக்கு ஆயிரக்கணக்குல கப் கொடுத்து, 2022 ஜனவரியில நாப்கின் இல்லாத ஊராட்சின்னு அறிவிச்சாங்க. 2019-ல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வுல, பல நாடுகள்ல நடந்த 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. பழகின பிறகு பத்துல ஏழு பேர் கப்பையே தொடர விரும்பினாங்க. அப்போ பத்துல மூணு பேருக்கு ஒத்து வரலைன்னும் அர்த்தம். அந்த மூணு பேர் மேலயும் தப்பு இல்லை. பழகவே ரெண்டு மூணு மாசம் ஆகும்.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டிக் கழுவி மறுபடி வைக்கலாம். ஒவ்வொரு மாசமும் தனிப் பாத்திரத்துல அஞ்சு நிமிஷம் கொதிக்க வைக்கணும். காப்பர்-டி போட்டிருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம வைக்கக் கூடாது, இழுக்கிறப்ப காப்பர்-டி நகர்ந்துடலாம்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நாலு கேள்வி போதும். தண்ணி இருக்கா? கோடையில கிணறு வத்துற ஊர்ல துணியும் கப்பும் கஷ்டம். மாத்திக்க மறைவான இடம் இருக்கா? நாள் முழுக்கக் காட்டுல இருக்கப் போறோமா, வீட்டுலயா? கடைசியா, உடம்பு என்ன சொல்லுது? ஒரே பொருளையே எல்லா நாளும் வைக்கணும்னு சட்டம் இல்லை. பஸ்ஸுல போற நாள்ல நாப்கின், வீட்டுல இருக்கிற நாள்ல துணின்னு மாத்தி மாத்தி வைக்கலாம்.

பயன்படுத்தின நாப்கினை ஓடையில போடாதீங்க, அடுப்புல எரிக்காதீங்க. காகிதத்துல சுத்திக் குப்பை வாங்க வர்றவங்ககிட்ட தனியாக் கொடுங்க. அந்த வசதி இல்லாத ஊர்ல தண்ணிக்குத் தூரமா ஆழக் குழி வெட்டிப் புதைங்க.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுது, ஏழு நாளைத் தாண்டியும் நிக்கலை, நாத்தம் அடிக்குது, மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் வருதுன்னா, எந்தப் பொருளை மாத்தினாலும் தீராது. அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். தள்ளிப் போடாதீங்க.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுக் கூட்டத்துலயும் மாசத்துக்குப் பத்து நிமிஷம் இதைப் பேசணும். துணி நாப்கின், கடை நாப்கின், டாம்பான், கப் நாலையும் ஒரு பெட்டியில வச்சு, தொட்டுப் பார்க்க ஊர் ஊராக் கொண்டு போகணும். நம்ம ஊர்ல எந்தப் பிள்ளைக்குப் புது யுகம் பாக்கெட் வந்து சேரலைன்னு பட்டியல் எடுத்து செவிலியர்கிட்ட கொடுக்கணும்.

கடன் திருப்புறதுல ஒரு ரூபாய் குறைஞ்சாலும் எழுந்து நின்னு கேட்கிறவங்க நாம. நம்ம உடம்புக்காகவும் அதே மாதிரி கேட்போம்.