குப்பனூரில் மறுபடி எடுத்த நான்கு நிமிடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது. இலை போட்டதும் கையைக் காட்டுகிறேன் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அவர் கை எழுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இப்போது படிக்கிற மாணவர்கள் சிலர் ஒரு திகில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செல்போனில்தான். பாதிப் படம் ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் எடுத்தாகிவிட்டது. இனி அந்த இடம் கிடைக்காது என்று ஆகிவிட்டதால், மலைக்குக் கீழே குப்பனூர் பக்கம் வேறு இடம் பார்த்திருக்கிறார்கள். "சார், எடுத்ததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எடுக்கணுமா?" என்று போன வாரம் என்னிடம் கேட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் எங்களுக்கும் இதே கேள்வி வந்தது, அதுவும் இதே குப்பனூரில். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏற்காட்டில் இடம் போனால் சேலத்து மாணவனுக்குக் குப்பனூர்தானே கதி!

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி. ஒன்று அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போவது. மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இந்தச் சாலையோரம்தான் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோவில் இன்று மிச்சம் அந்த வளைவுதான். 1966-ல் வந்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' எல்லாம் அவர்கள் எடுத்தவை. துப்பறியும் படம் எடுக்கிற ஆசை சேலத்துப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு வழி அயோத்தியாபட்டணம் தாண்டி, அரூர் சாலையில் போய், குப்பனூரில் திரும்பி மேலே ஏறுவது. அந்த வழியில் வளைவும் இல்லை, சுந்தரமும் இல்லை.

எங்கள் கதை இதுதான். காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் ஓர் இளைஞன், செக்ரோலில், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில், இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். செக்ரோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதைப் பறிக்க ஒருவன் ஜீப்பில் துரத்துகிறான். உச்சக்கட்டம் மலைச்சாலையில். ரைட்டர் மேலே இருபதாவது வளைவில் ஒளிந்து நிற்கிறான், ஜீப் கீழேயிருந்து ஏறி வருகிறது. வளைவு எண் பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவோம். ஐந்து, ஒன்பது, பதினான்கு. பார்க்கிறவன் தானாக எண்ண ஆரம்பித்துவிடுவான். சாலையே கடிகாரம். இந்த யோசனை வந்த ராத்திரி விடுதியில் யாருமே தூங்கவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கிற ஓர் அண்ணனிடம் பானாசோனிக் வி.எச்.எஸ். கேமராவை வாடகைக்கு எடுத்தோம். ஆளுக்கு 100 ரூபாய் போட்டோம். எஸ்டேட்டில் நான்கு நாள் எடுத்தோம். பகலிலேயே வளைவுச் சாலையிலும் கொஞ்சம் எடுத்தோம். அதற்குள் காபிப் பழம் பழுத்துவிட்டது. சேர்வராயன் மலையில் நவம்பர், டிசம்பர் என்றால் பழம் பறிக்கிற காலம். காடு முழுக்க ஆட்கள், களம் முழுக்கக் காபி. எஸ்டேட்டில் மரியாதையாகவே சொன்னார்கள், "தம்பி, இனிமே பிப்ரவரிக்கு அப்புறம் வாங்க." பிப்ரவரியில் எங்களுக்கு மாடல் எக்ஸாம். அதே வாரம் எங்கள் துறைப் பேராசிரியரும் ஒன்று சொன்னார். "வளைவுல லாரி திரும்பும்போது டிரைவருக்கு ஆள் தெரியாதுடா. பிள்ளைங்களை ராத்திரி அங்க நிக்க வெச்சுப் படம் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்." அன்றைக்கு அவரை வில்லன் என்றோம். இன்று என் பையன் அப்படிப் போய் நிற்கிறேன் என்றால் நானும் விடமாட்டேன்.

ஆக, எஸ்டேட்டும் போயிற்று, வளைவும் போயிற்று. குப்பனூர்தான் இருந்தது.

மேலே சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக்கொடி, பனி, நிழலே விழாத மெத்தென்ற வெளிச்சம். கீழே புளியமரம், கல்லுக்காடு, முள், சுள்ளென்ற வெயில். மேலே ஸ்வெட்டர் போட்டு நடித்தவன் கீழே அதே ஸ்வெட்டரில் வேர்த்துக் கொட்டினான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "என்ன கண்ணு, காய்ச்சலா?" என்று விசாரித்தார்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் யோசித்தோம். குப்பனூரை ஏற்காடாக்குவது. ஊதுவத்தியிலும் சாம்பிராணியிலும் பனி செய்வது, நான்கு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து வைப்பது. ஒரு நாள் முழுக்கப் புகை போட்டோம். இருமல்தான் வந்தது.

இங்கே ஒரு பெரிய மனிதரைத் துணைக்கு அழைக்கிறேன். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 'ஸ்டாக்கர்' என்ற படத்தை மத்திய ஆசியாவில், தஜிகிஸ்தானின் வறண்ட பூமியில் எடுக்க இடம் பார்த்து வைத்திருந்தார். 1977 தொடக்கத்தில் அங்கே நிலநடுக்கம். இடம் போயிற்று. எஸ்தோனியாவில் தாலின் நகருக்குப் பக்கத்தில், பாழடைந்த பழைய மின்நிலையம் ஒன்றில் போய் எடுத்தார். எடுத்த பிலிமும் கழுவும்போது கெட்டுப்போய், 1978-ல் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. 1979-ல் வெளிவந்த படம் பாலைவனப் படமாக இல்லை. புல்லும் தண்ணீரும் ஈரமும்தான் அந்தப் படம். எஸ்தோனியாவை அவர் தஜிகிஸ்தானாக்கப் பார்க்கவில்லை. எங்களுக்கு அன்று தார்க்கோவ்ஸ்கி பெயர்கூடத் தெரியாது. எங்களுக்குப் புத்தி சொன்னது பஸ்தான்.

புகை போட்ட அன்று சாயங்காலம் சேலம் போகிற பஸ்ஸுக்காகக் குப்பனூரில் நின்றிருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. மலையின் விளிம்பு மட்டும் வானத்தில் கோடு போட்டமாதிரி தெரிந்தது. அந்தக் கறுப்பில் ஒரு வெளிச்சப் புள்ளி. மேலேயிருந்து ஏதோ வண்டி இறங்குகிறது. புள்ளி தெரிந்தது, மறைந்தது, கொஞ்சம் கீழே மறுபடி தெரிந்தது. எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியவில்லை. எண்ணுவதற்கு இங்கே வளைவுப் பலகை கிடையாது. எங்கள் ரைட்டர், அதாவது ரைட்டராக நடித்த நண்பன், மெல்லச் சொன்னான்: "டேய், அது ஜீப்பா இருந்தா? நமக்கு பஸ் முந்தி வருமா, அது முந்தி வருமா?"

அவ்வளவுதான். சமவெளிச் சாலையில் அரூர்ப் பக்கமிருந்து வரவேண்டிய கடைசி பஸ். மலையிலிருந்து இறங்குகிற ஜீப். இரண்டும் சேருகிற இடத்தில் செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன். ஏற்காட்டில் இந்தக் காட்சி கிடைக்காது. அது சாலை பிரிகிற இடத்துக்கே உரியது. பயப் படத்துக்கு இடம் என்பது பின்னால் தொங்குகிற திரைச்சீலை இல்லை. யார், எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்பதுதான் கதை. இடம் மாறினால் கணக்கே மாறும். கணக்கை மாற்றாமல் மரத்தை மட்டும் மாற்றினால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

இனி அந்த மாணவர்களின் கேள்வி: எதையெல்லாம் மறுபடி எடுப்பது? எடுத்த டேப்பைப் போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. கால் தெரிகிற ஷாட் ஒன்றும் தேறாது. கால் தெரிந்தால் மண் தெரியும். மேலே ஒரு மண், கீழே ஒரு மண். கதவைத் திறந்து வெளியே வருகிற ஷாட்டும் தேறாது. முகம் மட்டும் இருப்பது, கை பக்கத்தைப் புரட்டுவது, விளக்கடியில் செக்ரோல் வாசிப்பது, இவை எல்லாம் தப்பித்தன. நான்கு நாள் எடுத்ததில் பாதிக்குமேல் அப்படித் தப்பித்தவைதான். எஸ்டேட் காட்சிகள் எஸ்டேட்டாகவே இருந்தன. அவன் செக்ரோலோடு மலையிறங்கிவிட்டான் என்று கதையில் ஒரு வரி சேர்த்தோம். ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மேலேயிருந்து வந்தவன் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு சிக்கல் அவன் தலை. இடையில் ராணுவத் தேர்வுக்குப் போய்வந்தவன், ஒட்ட வெட்டிய கிராப்போடு வந்து நின்றான். வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் ரயில். அவன் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் படமே இல்லை. மப்ளர் சுற்றலாம் என்றால் அந்த வெயிலூரில் யார் மப்ளர் சுற்றுகிறார்கள்? காய்ச்சல் விசாரித்த அதே பெரியவர் தன் துண்டை எடுத்து அவனுக்கு முண்டாசு கட்டிவிட்டார். அடையாளம் தெரியாமல் தப்பிக்க நினைக்கிறவனுக்கு முண்டாசு பொருத்தமாகவும் இருந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்க சாமி, பட்டாளத்துல குளிரும்" என்றார்.

ஏற்கெனவே எடுத்ததை விட்டுவிட்டு மறுபடி எடுப்பது மாணவர்களுக்கு மட்டும் வருகிற சோதனை இல்லை. நம் தமிழில் பாட்டே இல்லாமல் வந்த துப்பறியும் படம் 'அந்த நாள்', 1954. எஸ். பாலசந்தர் இயக்கியது. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்துக் கொஞ்சம் எடுத்த பிறகு, ஏவி.எம்.மில் அதை நிறுத்திவிட்டு சிவாஜி கணேசனை வைத்து மறுபடி எடுத்தார்கள். அந்த விஸ்வநாதன் பிறகு சத்யஜித் ராயின் 'காஞ்சன்ஜங்கா'வில், 1962-ல், நடித்தார். டார்ஜிலிங்கில் எடுத்த படம். வெயில் வந்தால் இந்தக் காட்சி, மேகம் வந்தால் அந்தக் காட்சி, பனி மூடினால் இன்னொன்று என்று ராய் பிரித்து வைத்துக்கொண்டு, வானம் எதைக் கொடுத்ததோ அதை எடுத்தார். மலையில் படம் எடுக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு வானம் ஒரு மணி நேரம்தான் கொடுத்தது. வி.எச்.எஸ். கேமராவுக்கு முழு இருட்டு ஆகாது. பொரி பொரியாக வரும். மலை விளிம்பு தெரிகிற அந்த அந்திப் பொழுதுதான் எங்கள் ராத்திரி. ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் விளக்குதான் முகத்துக்கு வெளிச்சம்.

எடிட்டிங்கில் எங்கள் கைக்கு விலங்கு. இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது, சொல்லியே ஆகவேண்டும். அன்று ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொரு டெக்கில் பதிவதுதான் எடிட்டிங். வளைவுக் காட்சி நான்கு நிமிடம் என்று முன்பே போட்டு, முடிவு வரை கோர்த்து வைத்திருந்தோம். நடுவில் புதுக் காட்சியைச் சொருக வேண்டுமானால் அதுவும் சரியாக நான்கு நிமிடம் இருக்க வேண்டும். குறைந்தால் பழைய காட்சியின் வால் தெரியும். கூடினால் அடுத்த காட்சியை அழித்துவிடும். இல்லையென்றால் அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் திரும்பக் கோர்க்க வேண்டும். டேப்பிலிருந்து டேப்புக்குப் பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கொண்டே போகும். எங்களிடம் இருந்த சரக்கோ இரண்டரை நிமிடம். மீதி ஒன்றரை நிமிடத்துக்கு என்ன செய்வது? மலையையும் அந்தப் புள்ளியையும் அப்படியே ஓடவிட்டோம். எழுந்து, மறைந்து, எழுந்து. பேச்சு இல்லை. ஏற்காட்டில் பதிந்த சில்வண்டுச் சத்தத்தை மட்டும் அடியில் போட்டோம். கல்லூரி அரங்கில் காட்டியபோது சத்தம் போடுகிற பின்வரிசையே வாயடைத்து உட்கார்ந்தது அந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான். நாங்களாக யோசித்திருந்தால் அவ்வளவு நேரம் விட்டிருக்க மாட்டோம்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் செல்போனில் எந்தக் காட்சியையும் எங்கேயும் சொருகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம். அதனாலேயே எல்லாவற்றையும் மறுபடி எடுக்கத் தோன்றும். வேண்டாம். முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, குப்பனூரில் ஒரு சாயங்காலம் சும்மா பஸ்ஸுக்கு நில்லுங்கள். பிறகு கதையில் எந்த வரி மாறவேண்டும் என்று பாருங்கள். பங்களாவில் எடுத்த முகங்களைப் பத்திரமாக வையுங்கள். ராத்திரி எடுப்பதானால் சாலையை விட்டுத் தள்ளி நின்று எடுங்கள், கூட ஒரு பெரியவர் இருக்கட்டும்.

செயலாளர் கையைக் காட்டிவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். முண்டாசு கட்டிய அந்த ரைட்டர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது கிராப் பிரச்சினை அவனுக்கு அடியோடு கிடையாது! அவன் மகள் நம் கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலையில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அப்பா நடிச்ச படத்தை எனக்கு எப்பக் காட்டுவீங்க?" என்னிடம் இருந்த டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. வீடியோ அண்ணன் கடையை மூடி வருஷங்கள் ஆயிற்று. மொத்தம் மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று என்னுடையது, ஒன்றை விடுதிக்குக் கொடுத்தோம், மூன்றாவதை யாரோ ஊருக்கு எடுத்துப் போனதாக ஞாபகம். மலரைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். மேலே பச்சை மையில் 'செக்ரோல்' என்று எழுதியிருக்கும். கிடைத்தால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், பூஞ்சை இருந்தால் டேப் கிழிந்துவிடும். அப்படியே சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.