ஒரு தீவைப் பறவையில்லாமல் ஆக்கிய பாம்பு



காட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது பறவைகளின் ஒலிதான். ஆனால், மேற்குப் பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவின் காடுகளில் அந்த ஒலி ஏறக்குறைய நின்றுவிட்டது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட அந்தத் தீவு, பரப்பளவில் சிங்கப்பூரைவிடச் சிறியது. அங்கு வாழ்ந்த 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை, காட்டிலிருந்து மறைந்தன.

காரணம், பழுப்பு மரப்பாம்பு. பாப்புவா நியூகினி, ஆஸ்திரேலியா வட்டாரத்தைச் சேர்ந்த இது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இராணுவச் சரக்குகளோடு ஒளிந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பறவைகள் குறைந்தபோது நோய், பூச்சிமருந்து என்று பலவற்றின் மீதும் சந்தேகம் எழுந்தது. உண்மைக் காரணம் பாம்புதான் என்பதை ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

பாம்பு எல்லா இடத்திலும்தானே இருக்கிறது, குவாமில் மட்டும் ஏன் இந்த நிலை? மலேசிய, சிங்கப்பூர் சதுப்புக் காடுகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த, கறுப்பு உடலில் மஞ்சள் பட்டை கொண்ட பாம்பு உண்டு. இங்குள்ள பறவைகள் பாம்புகளோடு சேர்ந்தே காலங்காலமாக வாழ்ந்து, தற்காத்துக்கொள்ளப் பழகியவை. குவாம் பறவைகளோ மரமேறி வேட்டையாடும் பாம்பை அறியாதவை. இரவில் கூடு தேடி வந்த எதிரியிடம் முட்டை, குஞ்சு, தாய்ப்பறவை எல்லாமே பலியாயின. பறவைகள் குறைந்தபோதும் பாம்பு பட்டினி கிடக்கவில்லை. பல்லி, அரணை அதன் பசியைத் தீர்த்தன.

பாதிப்பு அதோடு நிற்கவில்லை. பழம் தின்று விதை பரப்பும் பறவைகள் இல்லாததால், விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுகின்றன. புதுக் கன்றுகள் குறைகின்றன. பூச்சி உண்ணும் பறவைகள் இல்லாத காட்டில் சிலந்திகள் பெருகின. மின்கம்பிகளில் ஏறும் பாம்புகளால் மின்தடையும் ஏற்பட்டது.

போராட்டம் தொடர்கிறது. வலிநிவாரணியான பாரசிட்டமால் இந்தப் பாம்புக்கு நஞ்சு. வெறும் 80 மில்லிகிராம் போதும். 2013-இல் மருந்து வைத்த ஏறத்தாழ 2,000 செத்த எலிகள் ஹெலிகாப்டரிலிருந்து போடப்பட்டன. புறப்படும் சரக்குகளை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன.

நம்பிக்கையும் இருக்கிறது. 1980-களில் காப்பாற்றப்பட்ட 29 குவாம் மீன்கொத்திகளின் வழிவந்த 9 பறவைகள், 2024-இல் பாம்பில்லாத பல்மைரா தீவில் பறக்கவிடப்பட்டன. குவாமில் இன்னும் அவற்றுக்கு இடமில்லை. பாம்பு அங்கேயே இருக்கிறது.

சரக்குப் பெட்டிக்குள் வந்த ஓர் உயிரை ஆரம்பத்திலேயே தடுத்திருந்தால், இத்தனை செலவும் இழப்பும் நேர்ந்திருக்காது. வளர்த்துச் சலித்த ஆமையையும் மீனையும் குளத்தில் விடுகிறவர்கள், விசாக தினத்தில் புண்ணியம் தேடி விலங்குகளை விடுவிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி விடவேண்டாம் என்று சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். விடுவிக்கப்படும் உயிருக்கு அது விடுதலையாகத் தோன்றலாம்; அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு அதுவே முடிவாகிவிடக் கூடும்.