வேடந்தாங்கல் கற்பிக்கும் ஐக்கியம்
(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



வனத்தையும் வன ஜீவன்களையும் காப்பது சர்க்காரின் வேலை. குடிகளுக்கு அதில் சம்பந்தமில்லை என்று கிராமாந்தரங்களில் பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவிலுள்ள வேடந்தாங்கல் என்னும் சிற்றூரைக் கொண்டு ஆராய்தல் நலம்.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 74 ஏக்கர். அதனுள்ளே நீர்க்கடம்பும் கருவேலும் தண்ணீரிலேயே நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம், வெண்கொக்கு முதலிய பட்சிகள் திரளாக வந்து அம்மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் நரியும் காட்டுப்பூனையும் கூட்டை அணுகுவது அரிது. பட்சிகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உள்ளன. அந்நீர் மதகின் வழியாக வயலுக்குப் பாயும்பொழுது, வண்டி வாடகையும் ஆள் கூலியும் இல்லாமல் எரு தானே வந்து சேருகிறது. பட்சிகளைக் காப்பது தருமம் மட்டுமன்று, மாசூலுக்கும் உதவுவது என்பதை இவ்வூரார் அனுபவத்தில் கண்டவர்கள்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே வந்து பட்சிகளைச் சுட்டார்கள். கிராமத்தார் அதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. ஜில்லாக் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். 1798-ஆம் வருஷத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ், பட்சிகளைக் காக்கும் உரிமையைக் கிராமத்தாருக்கு அளித்துக் கௌல் கொடுத்தார். 1858-இல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி பட்சி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1972-இல் வன ஜீவன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நீர்நிலைகளின் வரிசையில் வேடந்தாங்கல் சேர்க்கப்பட்டது. இவ்வருஷங்களை வரிசையாக நோக்கினால் ஒன்று விளங்கும். முதலில் வந்தது குடிகளின் காவல். சட்டம் அதன் பின்னால் வந்தது.

கௌல் என்பது ஒரு காகிதம். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் ஊரார். பட்சிகள் வந்திறங்கும் காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. பட்டாசு வெடிக்க ஆசைப்படாத குழந்தை எந்த ஊரில் உண்டு? அப்படியிருந்தும் வேடந்தாங்கலில் பட்டாசைத் தவிர்க்கிறார்கள். சிவகங்கை ஜில்லா வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே கட்டுப்பாடு உண்டு. கூலி வாங்காத தொண்டு என்பது இதுவே. குழந்தையும் இதில் ஓர் அங்கத்தினன்.

இனி, மற்றக் கிராமத்தார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. "எரு கிடைப்பது அவ்வூருக்கு, நமக்கென்ன?" என்பதே அது. பட்சிகள் கூடு கட்டுவது ஓர் ஏரியில். இரை தேடுவதோ சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலுமாம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. கொக்கு வெட்டுக்கிளியையும் பூச்சியையும் பொறுக்குகிறது. ஆகையால் அவற்றின் உதவி பல ஊர்களுக்கும் சேருகிறது; அவற்றிற்கு ஏற்படும் கேடும் பல ஊர்களிலிருந்து வரக்கூடும். ஓரூரார் வயலில் அளவின்றிக் கொட்டும் பூச்சி மருந்து, மற்றோர் ஊரார் அரும்பாடுபட்டுக் காத்த குஞ்சின் வாய்க்கு இரையோடு போய்ச் சேரும். அண்டை ஏரிகள் தூர்ந்து வற்றினாலும் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். ஒருவன் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நிற்பது நாணய சங்கத்தின் ஆதார தத்துவம். ஏரிகளும் அவ்விதமே ஒன்றுக்கொன்று ஜாமீன் நிற்கின்றன.

சங்கங்கள் செய்யத்தக்க காரியங்கள் பல. வரத்துக் கால்வாயைத் தூர் எடுப்பது, சீமைக் கருவேலை அகற்றுவது, ஏரிக்குள் நீர்க்கடம்புக் கன்று நடுவது, பட்சிகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வைப்பது ஆகியவை முக்கியமானவை. இவற்றிற்கு உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறையாருக்கு உடனே தெரிவிப்பதே முறை.

உடலுழைப்பைத் தொண்டர் தருவர். கன்றுக்கும் வேலிக்கும் காவலாளின் கூலிக்கும் பணம் வேண்டும். 1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இதற்கு நல்லதொரு வழியைக் காட்டிற்று. நிகர லாபத்தில் கால் பாகத்தை ரிசர்வ் நிதிக்கு ஒதுக்கிய பிறகு, மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தரும காரியத்துக்குக் கொடுக்கலாம் என்பது அதன் விதி. லாபம் 1,000 ரூபாயானால் ரிசர்வ் நிதிக்கு 250, மிச்சம் 750, தருமத்துக்கு 75 வரையில். இக்காலத்துச் சங்கங்கள் தமக்குரிய சட்டத்தையும் உபவிதிகளையும் பார்த்து நடத்தல் வேண்டும். எனினும் லாபத்தில் ஒரு சிறு பங்கு பொது நன்மைக்கென்ற கொள்கை பழுதற்றது. ஒரு சங்கத்தின் 75 ரூபாய் அற்பமாகத் தோன்றலாம். ஓர் ஏரியைச் சூழ்ந்த பத்துச் சங்கங்கள் சேர்ந்தால் 750 ஆகிவிடும்.

வெளியூர்த் தனவந்தர்கள் நன்கொடை அளித்தால் மகிழ்வுடன் ஏற்கலாம். ஆனால் ரசீதும், தனிக் கணக்கும், மகாசபையில் படிக்கும் வரவு செலவு அறிக்கையும் இல்லாத நன்கொடை ஊரில் கட்சியைத்தான் வளர்க்கும். கொடுத்தவர் அடுத்த வருஷம் வந்து பார்த்தால் கன்று மரமாகிக்கொண்டிருப்பதைக் காண வேண்டும். அதைவிடச் சிறந்த ரசீது இல்லை.

பணம் மாத்திரம் வந்து ஊரார் கண் மூடிவிட்டால், வேலிக்குள்ளிருக்கும் மரமும் விறகாகிவிடும். ஊரார் விழித்திருந்தாலோ, சொற்பப் பணமும் பெரும் பலன் தரும். 1798-இல் கலெக்டரை நாடிச் சென்ற குடியானவர்களின் பெயர்கள் இன்று ஊரறியப் பேசப்படுவதில்லை. அவர்கள் காத்த ஏரிக்கோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் பட்சிகள் வருகின்றன. அடுத்த மகாசபையில் ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் ஏரியைப் பற்றி ஒரு தீர்மானமும், அதற்கு ஒரு தொகையும், பொறுப்பேற்க ஐந்து பேரையும் எழுதி வைக்குமானால், இக்கூட்டம் பயன் பெற்றதாகும்.