காற்று நம் ஊருடையது, காற்றாடி யாருடையது?

(வெள்ளகோவிலில் நடந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே காற்றாடிகள்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று நம் தறிக்கொட்டகைத் தகரத்தையும் ஆட்டுகிறது, காற்றாடியையும் சுற்றுகிறது. தகரம் நம்முடையது. காற்றாடி நம்முடையது இல்லை.

இப்போது சோலாருக்குக் கொறங்காடு கேட்டு வருகிறார்கள். "சும்மா கிடக்கிற காடுதானே" என்பார் புரோக்கர். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள காடு சும்மா கிடக்கவில்லை. மழை குறைந்த இந்த மண்ணில் காங்கயம் மாடும் நம் வீட்டு ஆடும் அதில்தான் பிழைத்தன. சோலார் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கரண்ட் பில் கட்டும் தறிக்காரர்கள் முன்னால் அப்படிப் பேசவும் முடியாது. நிலத்துக்காரர் வாடகையோடு நின்றுவிட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாடி வாங்கியது. தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். விலை ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். காற்றாடி நிற்பது ஓடந்துறையில் அல்ல, காற்று நன்றாக வீசும் நம் உடுமலைப் பக்கம். அது தரும் மின்சாரம் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கணக்கில் கழிகிறது, மிச்சத்தை மின்வாரியம் வாங்குகிறது. கடனும் அப்படித்தான் அடைந்தது. நம் பக்கத்துக் காற்றில் வேறோர் ஊர் வருமானம் பார்க்கிறது! பொறாமைப்படலாம், தப்பில்லை.

இன்னொன்று தூரத்து ஊர். நியூசிலாந்தில் மொகாய் என்ற இடத்தில் பூமிக்கடியில் கொதிநீராவி உண்டு. நிலம் பூர்வகுடி மாவோரி மக்களுடையது. அதை விற்காமல் துஆரோபாகி என்ற டிரஸ்டில் வைத்தார்கள். 2000-இல் அங்கே மின்நிலையம் ஓடத் தொடங்கியது. முக்கால் பங்கு டிரஸ்டுக்கு, கால் பங்குதான் மின் கம்பெனிக்கு. மிஞ்சும் வெப்பத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டுத் தக்காளியும் குடைமிளகாயும் விளைவிக்கிறார்கள். நிலம் கைமாறாது, வருமானம் மக்களுக்கு. வக்ஃபு தெரிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

நம்மால் நாளைக்கே காற்றாடி வாங்க முடியாது. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க முடியும். எத்தனை வருடம்? வாடகை வருடா வருடம் ஏறுமா? பேனலுக்கு அடியில் ஆடு மேயலாமா? குத்தகை முடிந்தால் கம்பியையும் கான்கிரீட்டையும் யார் செலவில் பிடுங்குவது? கம்பெனியில் பங்கு தருவார்களா? இல்லை என்று சொன்னால் சொல்லட்டும், நாம் கேட்டதாவது பதிவாகும்.

பத்திரம் கையில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இருப்பார். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வாருங்கள்.