குடுவையிலிருந்து கொதிகலனுக்கு



முதல் உலகப் போரினால் மைசூர்ச் சந்தனக் கட்டையின் ஏற்றுமதி தடைபட்டது. தேங்கிய கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையை, இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் வகுத்தனர். 1916-இல் ஆலை எழுந்தது. கட்டையும் முதலீடும் மைசூர் அரசினுடையவை. நட்டம் வந்திருப்பின் அதுவும் அரசினுடையதே. சோப்புத் தொழில் பயில எஸ். ஜி. சாஸ்திரி என்னும் வேதியியலாளரையும் அவ்வரசு இங்கிலாந்துக்கு அனுப்பிற்று.

இன்றைய இளம் ஆய்வாளரிடம் ஆய்வேடு உண்டு, காப்புரிமையும் இருக்கலாம். ஆனால் குடுவையில் சில கிராம் விளைந்த பொருள், நூறு லிட்டர் கலத்தில் வெப்பம் தணியாமல் கெடும்போது, அச்செலவை ஏற்பவர் யார்? வங்கியோ ஈடு கேட்கும். உயிரித் தொழில்நுட்பத் துறையில் 2012-இல் தொடங்கிய ‘பிக்’ திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை நல்குகிறது. சாயம், பிசின் முதலியவற்றில் உழைப்போருக்கும் அத்தகைய நிதி வேண்டும். பீனியா போன்ற தொழிற்பேட்டையில், வாடகைக்குக் கிடைக்கும் பொதுச் சோதனை ஆலையும் வேண்டும்.